எந்தப் பக்கமாகச் சுற்றி வருவது

கொலுசுச் சத்தம்தான் முதலில் வந்தது. அறுபது வருடத்துக்கு முந்திய கொலுசு. அம்பாசமுத்திரத்து வீட்டின் பெரிய அறையில் அப்பாவைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். அழுது ஓய்ந்த பெண்கள் அடுத்த அழுகைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். அவள் கையில் கொஞ்சம் அரிசியைக் கொடுத்து, சுற்றி வந்து போடு என்று யாரோ முதுகில் கை வைத்து அனுப்பினார்கள். அவள் நடந்தாள். சலக், சலக் என்று அவள் காலே அவளுக்குக் கேட்டது. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. கோயிலில் சுற்றுகிற மாதிரிதான் சுற்றினாள், அப்பா வலக்கைப் பக்கம் இருக்கும்படி. ஏழு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சுற்றத் தெரியும். நாலு அடி போவதற்குள் அத்தையின் கை தோளைப் பிடித்துத் திருப்பியது. "இடமாச் சுத்துளா. இது கோயில் இல்ல." பிறகு கீழே பார்த்து, அழுகையும் எரிச்சலுமாக, "இவளுக்குக் கொலுசைக் கழட்டாம விட்டது யாரு." திரும்பி நடந்தபோது அதே கால், அதே தரை, அதே வெள்ளிதான். ஆனாலும் சத்தம் மாறிப்போயிருந்தது. அது எப்படி மாறும் என்று அவள் இத்தனை வருடமும் யாரையும் கேட்டதில்லை.

வடிவாம்பாள் விரலுக்கடியில் இருந்த பட்டர் பீன்ஸ் விதையை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேஜை நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதுதான் கூகைமலை, அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலை. பெரிய மலை ஒன்றும் இல்லை, கொடைக்கானல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், கீழ்மலையில் இப்படி நூறு இருக்கும். டம்ளரைச் சுற்றி உரித்த விதைகளை வைத்துக்கொண்டே வந்திருந்தாள். இது நம் வீட்டுக் கேட், இது அந்தோணியார் கோயில், இது எஸ்டேட் ரோடு ஆரம்பிக்கிற இடம், இது சோலைக்காடு. ஒவ்வொன்றாக வைத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. முதல் விதையைத் தொட்டு, நாளைக்கு இப்படிக் கிளம்பி இப்படிப் போகலாம் என்று விரலால் தள்ளிக்கொண்டு போனபோதுதான், டம்ளர் இடக்கைப் பக்கம் வந்ததைப் பார்த்தாள். பார்க்கக்கூட இல்லை, கொலுசு கேட்டது. உள்ளறையில் அவள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வருகிறதா என்று காது தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்த காது. அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஹலோ சொல்லிக்கொண்டதும் போர்டில் இருக்கிற சாவியைத் தள்ளிவிட்டு விலகிவிட வேண்டும், கேட்கக் கூடாது. இப்போது விலக முடியாத ஒரே லைன் அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள். எத்தனையோ நாளாக வாயில் வைத்திருந்ததை ரசம் ஊற்றுகிற சாக்கில் கேட்டாள். "நாளைக்கு ஒரு நாள் என்கூட நடங்க. கூகைமலையச் சுத்தி வருவோம். முடியலன்னா கோயம்புத்தூர் போயிடலாம், நான் வாயே திறக்க மாட்டேன்." அம்பலவாணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்தச் சரி அவளுக்குப் பிடிக்கவில்லை. பந்தயம் கட்டுகிறவன் சொல்கிற சரி இல்லை அது, ஏற்கெனவே தோற்றுவிட்டவன் சொல்கிறது. கோயம்புத்தூரில் மகள் இளமதி அவர்களுக்காக அறை ஒழித்து வைத்திருந்தாள். கட்டிலில் புது மெத்தைகூடப் போட்டாகிவிட்டது. லிஃப்ட் இருக்கிறது, கீழேயே மருந்துக்கடை, இறங்கித் திரும்பினால் ஆஸ்பத்திரி. போன வாரம் போனில் அவர் இவளைக் கேட்காமலே, "வந்துடறோம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். வந்துடறோம் என்பதில் இருந்த 'றோம்' அவளும் சேர்ந்ததுதான் என்று அவளுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. மகள் மேல் குறை இல்லை. மகள் நல்லவள். இடமும் நல்ல இடம்தான். ஆனால் அந்த மெத்தையில் போய்ப் படுத்தால் அவர் எழுந்திருக்க மாட்டார். அது வடிவாம்பாளுக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியும்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த மனிதர். இந்த மலையில் கம்பி போகிற இடமெல்லாம் அவர் கால் போயிருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் விழுந்து மூன்று ஊர் இருட்டில் கிடந்தால், ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, பொழுது பார்க்காமல் கிளம்பிவிடுவார். போய்விட்டு வந்து ஈரத்தோடு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, யார் வீட்டில் என்ன குழம்பு கொடுத்தார்கள் என்பது வரை சொல்லுவார். பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் மற்றவர் குரலைக் கேட்டுவிட்டு வந்தால் வீட்டிலும் ஒரு குரலா என்று அவள் அலுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஆவணியில் வத்தலக்குண்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் பாதியில் இலையை மூடிவிட்டு, "வடிவு, கொஞ்சம் வெளிய போவோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மதுரைக்குப் போகிற வழியெல்லாம் ஆம்புலன்ஸில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். பிடித்த பிடியில் வளையல் ஒன்று வளைந்துபோயிருந்ததை மறுநாள்தான் பார்த்தாள். நெஞ்சைத் திறந்து, காலில் இருந்து நரம்பெடுத்துத் தைத்து, பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், மறுபடி போய்க் காட்டியபோதும் அதையே சொல்லி அனுப்பினார். மாசி பிறந்துவிட்டது. அவர் கேட் வரைக்கும் போகிறார். தொப்பியும் மஃப்ளரும் ஷூவும் போட்டுக்கொண்டு, ஒரு மலையேற்றத்துக்குக் கிளம்புகிற மாதிரிக் கிளம்பி, கேட்டில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். அவள் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போன நாட்களில் வளைவு தாண்டி அந்தச் சின்னப் பாலம் வரைக்கும் வந்தார். பாலத்தில் நின்று வலது கை இரண்டு விரலை இடது மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, மணி பார்க்கிறவர் மாதிரித் தலையைக் குனிந்து எண்ணுவார். "போதும், திரும்பலாம்."

அந்தப் பாலத்தில்தான் அவளுக்கு இந்த யோசனை வந்தது. நேராகப் போகிற ரோட்டில் எந்த இடமும் திரும்புகிற இடம்தான். பாலம் இல்லையென்றால் மைல்கல், மைல்கல் இல்லையென்றால் டீக்கடை. ஆனால் சுற்றி வருகிற பாதையில் பாதிக்கு மேல் போய்விட்டால் திரும்புவதும் ஒன்று, போவதும் ஒன்று. போனால் வீடு வரும். வீட்டை நோக்கித்தான் நடக்கிறோம் என்று தெரிந்தால் அவர் நடப்பார். இதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது ஏமாற்று வேலையா என்று யோசித்துப் பார்த்தாள். பிள்ளைக்கு மருந்தைத் தேனில் குழைக்கிற மாதிரிதான், இருக்கட்டும். கூகைமலையைச் சுற்றினால் ஒரு காலைப் பொழுது போதும். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். இந்தப் பருவத்தில் அட்டை இருக்காது, காபி பூத்திருக்கும், பூத்த தோட்டத்துக்குள் போனால் தலையில் பூ வைத்த பெண்கள் நிறைந்த வீட்டுக்குள் போன மாதிரி இருக்கும். பாதை இரண்டு விதமாகப் போகலாம், இங்கேதான் தொல்லை. கேட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் அந்தோணியார் கோயில், அதைத் தாண்டி எஸ்டேட் ரோடு. சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், ஜீப் போகிற பாதை, ஏறுவதே தெரியாமல் ஏறும், சோலைக்காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். சோலையைத் தாண்டினால் மொட்டைப்பாறை, அங்கிருந்து கழுதைப் பாதையில் இறங்கி வீட்டின் மேற்குப் பக்கம் வந்துவிடலாம். முன்பு கழுதைமேல் மூட்டை ஏற்றி இறக்கிய பாதை, கல் பாவியது, செங்குத்து. மேற்கே திரும்பிக் கிளம்பினால் எல்லாம் தலைகீழ். எடுத்த எடுப்பில் கழுதைப் பாதையில் ஏற வேண்டும், பிறகு பாறை, சோலை, கடைசியில் எஸ்டேட் ரோட்டில் காலை வீசிக்கொண்டு இறங்கி வரலாம். ஏற்றம் அவர் நெஞ்சுக்கு ஆகாது. செங்குத்து இறக்கம் அவள் முழங்காலுக்கு ஆகாது. முழங்கால் வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்ளலாம். நெஞ்சுக்கு என்ன தேய்ப்பது. ஆகவே கிழக்கே. கிழக்கே கிளம்பினால் மலை இடக்கைப் பக்கம்.

இடமாச் சுத்துளா. இது கோயில் இல்ல. கோயில் இல்லைதான், வெறும் மலை, உச்சியில் ஒரு வேல்கூட நட்டு வைக்கவில்லை யாரும். எந்தப் பக்கம் சுற்றினால் என்ன. படித்தவள்தான் அவள், பி.ஏ. படித்தாள், சகுனம் பார்க்க மாட்டாள், பூனை குறுக்கே போனால் அது எலிக்குப் போகிறது என்று சொல்லுகிறவள். ஆனால் அறிவு இருக்கிற இடம் வேறு, கால் இருக்கிற இடம் வேறு போலிருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு மாமனாருக்கு, பிறகு மாமியாருக்கு, பிறகு அண்ணனுக்கு இடமாகச் சுற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் முதல் அடி எடுத்து வைக்கும்போது உடம்பு வலப்பக்கம்தான் சாய்ந்தது, ஒவ்வொரு தடவையும் தோளில் அந்தக் கை விழுந்தது. நாளைக்கு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிற அவரை, மஃப்ளர் கட்டிய அவரை, ஒரு சுற்று அப்படிச் சுற்றுவதா. சோலைக்குள் போன பிறகு ஜீப் வராது, போன் எடுக்காது. அங்கே அவர் நின்று மணிக்கட்டில் விரலை வைத்தால். வைத்து, எண்ணி, எண்ணுவதை நிறுத்தினால். மரங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எந்தப் பையில் வைப்பது, அவர் சட்டைப் பையிலா, அவள் சுருக்குப் பையிலா. இரண்டிலும் வைக்கலாம். அவர் கீழே விழுந்தால் அவளால் தூக்க முடியாது, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் முடியும். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று ஒரு விதையை எடுத்து வாயில் போட்டாள், பச்சை விதை, மாவாகக் கரைந்தது. சுற்றாமலே இருந்தால் மட்டும் என்ன. லிஃப்ட் நேராகப் போகும், நேராக வரும்.

"வடிவக்கா, உரிச்சுட்டீங்களா, இல்ல இன்னும் விளையாடிக்கிட்டுதான் இருக்கீங்களா." பவுலின் சமையலறை வாசலில் நின்றாள். அடுத்த வளைவில் இருக்கிறவள், கொய்யா ஜாம் போட்டு டவுனுக்கு அனுப்புகிறவள், இந்த பீன்ஸ் அவள் தோட்டத்துது. உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டம்ளரையும் விதைகளையும் பார்த்தாள். வடிவாம்பாள் அறைக்கதவைக் காட்டி மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பவுலினுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, குனிந்து பேசினால் அதுதான் மெதுவு. "சோலைக்குக் கீழ நேத்து காட்டுமாடு நின்னுதாம், அஞ்சாறு. ஒண்ணும் செய்யாது. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போங்க, சத்தம் கேட்டா விலகிப் போயிடும். உங்க வீட்டுக்காரர் பாத்துடாம இருக்கணும், அந்த முறைப்புக்கு மாடுதான் பாவம்." வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு கேட்டுவிட்டாள், எந்தப் பக்கமாகப் போகலாம் என்று. காரணத்தைச் சொல்லவில்லை. பவுலின் விதைகளைப் பார்க்கக்கூட இல்லை. "இதுல என்னக்கா கேள்வி. எங்க அந்தோணியார் சப்பரம் வருஷா வருஷம் எஸ்டேட் ரோடு வழியாத்தான் ஏறும், கழுதைப் பாதையில இறங்கும். தூக்குறவங்க மனுசங்கதானே, சப்பரத்தைத் தூக்கிக்கிட்டு அந்தச் செங்குத்துல எவன் ஏறுவான். இறக்கும்போது மட்டும் பின்னால கயிறு கட்டிப் பிடிச்சுக்குவாங்க." பிறகு எழுந்துகொண்டே, "உங்களுக்கும் பின்னால கயிறு கட்டிவிடவா" என்று கேட்டுவிட்டு, ஒரு பிடி விதையை அள்ளித் தன் முந்தானையில் போட்டுக்கொண்டு, தான் கொடுத்ததையே எடுத்துக்கொண்டு, போய்விட்டாள்.

அந்தோணியார் இடமாகத்தான் சுற்றுகிறார். வருடா வருடம், மெழுகுவர்த்தியும் பாட்டும் பொரியும் மிளகுமாக. அவருக்கு அது இடம் என்றே தெரியாது. சாமிக்கே அத்தை இருந்தால்தான் தோளில் கை விழும். வடிவாம்பாள் விதையை மறுபடியும் தொட்டாள். மெதுவாக நகர்த்தினாள். கொலுசு கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்டது, கேட்காமல் இல்லை, ஆனால் தெரு முனையில் யாரோ போகிற மாதிரிக் கேட்டது. சரி, போகட்டும் அவளும், அந்த ஏழு வயதுக்காரியும் கூட வரட்டும். அவளை விட்டுவிட்டு இனி எங்கே போக முடியும். கிழக்கேதான். முடிவு செய்த பிறகு மனசு மற்றதற்கு ஓடியது. தயிர்சாதம் வேண்டாம், குளிர்ந்துபோகும், இட்லிக்குப் பொடி தடவி இலையில் கட்டிக்கொள்ளலாம். பிளாஸ்க்கில் சுக்குக் காபி. மொட்டைப்பாறையில் உட்கார ஒரு பழைய போர்வை. அப்புறம் முக்கியமானது, பேச்சு. மதுரையில் அந்தச் சின்ன வயது டாக்டர் சொல்லியிருந்தார், "நடங்க சார், ஏற்றம்கூட ஏறுங்க, மெதுவா. பேசிக்கிட்டே நடக்க முடியுதான்னு மட்டும் பாருங்க. பேச்சு நின்னா நீங்களும் நில்லுங்க." எளிய கணக்கு. ஆனால் அவருக்குப் பேச்சு நடப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. கேட் வரைக்கும் பேசாமல் போகிறவருக்கு மூச்சு வாங்குகிறதா, வாய்தான் ஓய்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது. ஆகவே வழி நெடுகப் பேச வைக்க வேண்டும். எந்த விதைக்கு எந்தப் பேச்சு என்று யோசித்தாள். அந்தோணியார் கோயிலில் சாமியார் பெட்ரோமாக்ஸைக் கட்டிக்கொண்டு கரண்ட் வேண்டாம் என்று நின்ற கதை. அது இரண்டு வளைவுக்குத் தாங்கும். அதற்கு மேல் எஸ்டேட் ரோட்டில் என்ன இருக்கிறது. எஸ்டேட்காரன் சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருந்தான், அந்தப் பக்கம் வாரியத்துக் கம்பி போகவில்லை, அவருக்கு அங்கே வேலை இருந்ததில்லை, கதையும் இல்லை. அவர் கதையெல்லாம் மேற்கே, கழுதைப் பாதையில் கிடக்கிறது. இறங்கும்போது வரும், வந்து என்ன, இறங்கும்போது யாருக்கும் மூச்சு வாங்காது. எஸ்டேட் ரோட்டில் அவளே பேசிக்கொண்டு போக வேண்டியதுதான். அவள் என்ன பேசுவாள். அவள் வாழ்க்கையெல்லாம் கேட்டவள்.

கட்டில் கிறீச்சிட்டது. செருப்பைத் தேடுகிற காலின் ஓசை, தொண்டையைக் கனைக்கிற ஓசை, கதவு. அம்பலவாணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றார். விதைகளைக் கலைத்துவிடலாமா என்று அவள் கை போனது, அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "என்ன வடிவு, பல்லாங்குழியா." அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். லைன் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கிறபோது அப்படித்தான் சாய்ப்பார், அந்தச் சாய்ப்பை ஆவணிக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். "டம்ளர் கூகைமலை. இது நம்ம கேட்டு. இது அந்தோணியார். இது என்ன." "சோலைங்க." "சோலை அங்க இல்ல, இன்னும் வடக்க வரணும்." விரலால் நகர்த்தி வைத்தார். பிறகு, "எந்தப் பக்கமாப் போறதா இருக்க?" என்றார். அவள் கிழக்கே காட்டினாள். "இப்படி. ஏத்தமே தெரியாது. இறக்கம் கடைசிலதான்." அவர் விதைகளைத் தொடர்ந்து கண்ணாலேயே ஒரு சுற்று சுற்றி வந்தார். டம்ளர் அவருக்கும் இடக்கைப் பக்கம்தான் வந்திருக்கும். இப்போது சொல்லப் போகிறார் என்று வடிவாம்பாள் காத்திருந்தாள். சாமி கும்பிடாத மனிதர்தான், ஆனால் அவரும் தன் அப்பாவுக்குத் தோளில் மண்குடத்தை வைத்துக்கொண்டு சுற்றியவர், அவர் தோளுக்கும் தெரியும்.

"கழுதைப் பாதையில இறங்கறது யாரு, நீயா" என்றார் அவர்.

"மெதுவா இறங்குவேன்."

"பேங்க்ல மூணே மூணு படி. அதுல இறங்க என் தோளைப் பிடிச்ச. நான் ஆஸ்பத்திரிலேருந்து வந்த மறுவாரம், எனக்கே ஆள் பிடிக்கணும், நீ என்னைப் பிடிச்ச."

"அது படி வழுக்குச்சு. உங்களுக்கு ஏத்தம் ஆகாதுங்க."

"ஆகாதுன்னு யாரு சொன்னா. பேசிக்கிட்டே ஏறுன்னு சொன்னான் அந்தப் பையன்." அதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். "எனக்குத்தான் பேசறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கிண்ணத்தில் கை விட்டு ஒரு பிடி விதையை எடுத்து, மேற்குப் பக்கம், டம்ளருக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். அளந்து வைத்தார், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு விரல் இடைவெளி. "கழுதைப் பாதையில நம்ம போஸ்ட் போகுது. கண்ணுக்கு எட்டின தூரத்துக்கு ஒண்ணு. போஸ்டுக்குப் போஸ்ட் நிப்போம். இதுல நிக்கறோம். மூச்சு வாங்கினா அடுத்ததுக்குப் போகல, இறங்கிடறோம், அவ்வளவுதான். உன் முட்டிக்கு ஏத்தம் ஒண்ணும் செய்யாது. வரும்போது எஸ்டேட் ரோடு, வழுவழுன்னு வரலாம்." அவள், உங்க நெஞ்சு என்று ஆரம்பித்தாள். "நெஞ்சைத்தான் தைச்சுட்டானே. உன் முட்டிய யாரு தைச்சா" என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டாவது விதையைத் தட்டினார். "இந்தப் போஸ்ட் இருக்கே, இது இரும்பு. சிமெண்ட் போஸ்டை அந்தப் பாதையில ஏத்த முடியாது. ஆறு பேர் தோள்ல வச்சு ஏத்தினோம், முன்னால பரமானந்தம், ஆறடி, பின்னால சுடலைமுத்து, அவன் குட்டை. பாரமெல்லாம் சரிஞ்சு சுடலைமுத்து மேலயே வருது. அவன் ஒண்ணும் பேசல. பாதி வழியில போஸ்டை இறக்கச் சொன்னான். இறக்கினோம். போய் ஒரு பாறைமேல ஏறி நின்னுக்கிட்டு, இப்ப ஏத்துங்கடா, நான் இங்கேயே இருக்கேன்னுட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, மறுபடி பேச்சானது. மூன்றாவது விதையில் ஒரு குளவிக்கூடு, நாலாவதில் இடி விழுந்து இன்சுலேட்டர் உடைந்தது, ஐந்தாவதில் மேல் வீட்டு மாணிக்கத்தம்மாள் பல்பு எரிந்ததும் அதை ஊதி அணைக்கப் பார்த்தது. இந்தக் கதைகளை வடிவாம்பாள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இப்போது அவள் கதையைக் கேட்கவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்த மூச்சைக் கேட்டாள். ஒரு இடத்திலும் அது தடுக்கவில்லை. அவருடைய இரண்டு கையும் மேஜைமேல் இருந்தன, ஒன்று விதையை வைத்தது, ஒன்று வைத்ததை நேராக்கியது. மணிக்கட்டுக்குப் போக எந்த விரலும் சும்மா இல்லை.

வெளியே பனி இறங்கிக் கொண்டிருந்தது. பல்லுக்குள் குளிர் போகிற பனி, நாளைக் காலை வெளுப்பாக விடியும் என்று அர்த்தம். சமைக்க வேண்டிய பீன்ஸில் பாதி மேஜையில் மலையாகிக் கிடந்தது, அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை, இன்றைக்கு முட்டைக்கோஸ் இருக்கிறது, போதும். போன் அடித்தது. இளமதிதான், இந்த நேரத்துக்கு அவள்தான் கூப்பிடுவாள். வடிவாம்பாள் எழுந்திருக்கப் போனபோது அவரே கை நீட்டி எடுத்தார். "என்னப்பா, சனிக்கிழமை வேன் சொல்லிடவா, கட்டில் கிட்டில் எல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்தாப் போதும்" என்று மகளின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. கேட்கக் கூடாது, விலகிவிட வேண்டும், அவள் விலகவில்லை. அம்பலவாணன் ஆறாவது விதையை இடது கை விரலால் கொஞ்சம் மேலே தள்ளினார். "வேன் இப்ப சொல்லாதம்மா" என்றார். "நாளைக்கு உங்கம்மாவும் நானும் ஒரு வேலையாப் போறோம். போயிட்டு வந்து பேசறேன்." "என்ன வேலைப்பா." "மலையச் சுத்தப் போறோம்." "அம்மாகிட்டக் குடுங்க" என்றாள் மகள். "உங்கம்மா சமைக்கிறா" என்று சொல்லி வைத்துவிட்டார். வடிவாம்பாள் அவருக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "சீனி கம்மியா ஒரு காபி" என்றார் அவர். அவள் எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது, அவர் தலையைத் தூக்கினார், அவள் ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பால் காயும்வரை பின்னால் அவர் குரல் ஏழாவது போஸ்டிலிருந்து எட்டாவதுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் மேற்கே திரும்பி, மலை வலக்கைப் பக்கம் இருக்க, கழுதைப் பாதை வழியாகப் போனார்கள். நின்று நின்று போனதில் வீடு வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அம்பலவாணன் கோயம்புத்தூருக்குக் குடிபோகவில்லை. அதற்குப் பிறகு இன்னும் பதினோரு வருடம் அந்த வீட்டிலேயே இருந்து, எண்பத்திரண்டாவது வயதில் காலமானார்.